ஒரே வலையில் சாகும் இரண்டு உயிர்கள்: ஆவுளியாவுக்காகவும் வேளாவுக்காகவும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: வலசை போகும் காட்டுயிரிகளின் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ், ஆவுளியா புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் சுறாக்களுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டுள்ள அரசுகளின் பேராளர்கள்

மதிப்பிற்குரிய பேராளர்களே,

வணக்கம்.

கடற்பசு என்றும் ஆவுளியா என்றும் தமிழில் அழைக்கப்படும் பாலூட்டியைக் காப்பதற்காக, 2007 அக்டோபர் 31 அன்று அபுதாபியில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் உருவானது. அடுத்து 2010இல் சுறாக்களுக்கென இன்னொன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பெயரில் சுறா மட்டுமே இருந்தாலும் திருக்கை இனங்களும் அதற்குள் அடங்கும். 2016இல், திருக்கை வகையைச் சேர்ந்த வேளா மீனின் ஐந்து இனங்களும் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இரண்டு ஒப்பந்தங்களும் ஒரே உடன்படிக்கையின் நிழலில் பிறந்தவை. இரண்டிலும் கையெழுத்திட்டுள்ள நாடுகளும் உண்டு. ஆனாலும் ஒன்றுக்கு ஒரு செயல்திட்டம், மற்றொன்றுக்கு வேறொரு செயல்திட்டம், தனித்தனி வல்லுநர் குழு, தனித்தனிக் கூட்டம் என்றே வேலை நடந்துவருகிறது. ஆழம் குறைந்த கரையோரக் கடலில் அந்தப் பிரிவினை இல்லை. ஆவுளியா மூச்சுமுட்டிச் சாகும் அதே பெருங்கண்ணி வலையில்தான் வேளாவும், மூக்கிலிருந்து ரம்பம்போல நீளும் தன் கொம்பு சிக்கித் தொங்குகிறது. இவை இரண்டும் சேர்ந்து வாழும் கரைகளிலும், சேர்ந்து வாழ்ந்திருந்த கரைகளிலும் இரண்டையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் வேளாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆவுளியாவைத் தெரிந்த அளவுக்கு வேளாவை யாரும் தெரிந்துவைத்திருக்கவில்லை. உடல் நீண்டு, முதுகில் இரண்டு துடுப்புகள் நிமிர்ந்து, வால் உயர்ந்து நீந்துவதால் அதை வேளாச் சுறா என்று சொல்வாரும் உண்டு. புரட்டிப் போட்டால் உண்மை தெரிந்துவிடும். செவுள் பிளவுகள் தலையின் பக்கவாட்டில் இல்லாமல், எந்தத் திருக்கைக்கும் இருப்பதுபோல, தலைக்கு அடியில் வாய்க்குப் பின்னால் இருக்கும். பக்கவாட்டுச் செவுளும் கொம்பின் நடுவில் இரண்டு மீசைகளும் கொண்ட ரம்பச் சுறா வேறு இனம். அது அளவில் மிகச் சிறியது. வேளாவோ திருக்கைகளிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று. பெரும்பல் வேளா 6 மீட்டருக்கு மேல் வளர்ந்த பதிவுகள் இருக்கின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அருங்காட்சியகத்தில் வேளாவின் கொம்பு ஒன்றைப் பார்த்தேன். என் தோளுயரம் இருந்தது. கண்ணாடிப் பேழைக்குள் சுவரில் சாய்த்துவைத்து, கீழே ஒரு சீட்டில் 'சுறாவின் பல்' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு சொல்லும் தவறு. அது சுறாவுடையதும் அன்று, பல்லும் அன்று. கொம்பின் இரு ஓரங்களிலும் வரிசையாகத் துருத்திக்கொண்டிருப்பவை, சுறா, திருக்கை இனங்களின் தோலைச் சொரசொரப்பாக்கும் அதே நுண்செதில்கள் பெருத்து உருமாறியவை. அடியோடு பெயர்ந்துபோனால் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது. அந்தக் கொம்பிலும் இரண்டு இடங்களில் வெறும் குழி மட்டுமே இருந்தது. எந்த வலையில், எந்தக் கழிமுகத்தில் அவை பெயர்ந்தன என்பதைச் சொல்ல அந்தச் சீட்டில் ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தக் கொம்பு வெறும் ஆயுதம் என்றே நீண்ட காலம் கருதப்பட்டது. அதன் தோலெங்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு துளைக்குள்ளும் கூழ் நிரம்பிய ஒரு குழல் இறங்குகிறது. மற்ற மீன்களின் உடலிலிருந்து கசியும் மிக மெல்லிய மின்புலத்தை அவை உணர்கின்றன. கலங்கிய ஆற்றுநீரில் கண்ணால் எதையும் காண முடியாத இடத்தில், கொம்பைக் கொண்டே வேளா தன் இரையைக் 'காண்கிறது'. கண்டதும் பக்கவாட்டில் ஓங்கி அடித்து, கீழே விழுந்த மீனைக் கொம்பாலேயே தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. கண், கை, கத்தி மூன்றும் அதற்கு அந்த ஒரே உறுப்புதான். குட்டிகள் முட்டையாக அல்லாமல் உயிரோடு பிறப்பவை என்பதால், தாயின் வயிற்றைக் கிழித்துவிடாதபடி ஒவ்வொரு குட்டியின் கொம்பும் ஒரு மெல்லிய கூழ் உறைக்குள் மூடப்பட்டே வெளியே வருகிறது. பிறந்த பிறகே அந்த உறை கரைந்து போகும். தாயைக் காயப்படுத்தாமல் பிறக்கும் அந்தக் கொம்பு, மனிதர் கட்டிய வலையின் முதல் கண்ணியைத் தொட்ட நொடியில் அதன் உயிருக்கே உலையாகிவிடுகிறது.

ஆவுளியாவைப் பற்றி உங்களுக்கு நிறையவே தெரியும். கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழும் பாலூட்டிகளுள் புல் மேய்ந்தே வாழ்வது அது, யானைக்கு உறவினம், அதன் வரிசையில் இன்று உலகில் மிஞ்சியிருப்பவை ஆவுளியா ஒன்றும் மனாட்டி எனப்படும் வேறு கடற்பசுக்களில் மூன்று வகைகளும், ஆக நான்கே இனங்கள். ஐந்தாவதாக இருந்த இசுட்டெல்லரின் கடற்பசுவை 1741இல் அறிவியல் முதன்முதலில் கண்டது. 1768க்குள் அது வேட்டையில் தீர்ந்துபோனது. வளர்ந்த ஆவுளியா நாளொன்றுக்கு 40 கிலோ வரை கடற்புல்லைத் தின்னும். வேரோடும் கிழங்கோடும் பிடுங்கித் தின்பதால், அது மேய்ந்துபோன இடத்தில் மணல் தெரியும்படி ஒரு நீண்ட தடம் விழுகிறது. ஏர் உழுத சால் போல வளைந்து நெளிந்து போகும் அந்தத் தடங்களை நீர் வற்றிய நேரத்தில் கரையிலிருந்தேகூடப் பார்க்கலாம். அதன் தந்தத்தை அறுத்துப் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல அடுக்குகள் தெரியும். அவற்றை எண்ணித்தான் 70 ஆண்டுகள் வரை வாழ்ந்த ஆவுளியாக்கள் இருந்தன என்று அறிந்தோம்.

இப்படி ஒன்று புல் மேய்வது, மற்றது மீன் பிடிப்பது. ஒன்று நுரையீரலால் மூச்சுவிடுவது, மற்றது செவுளால். ஒன்று பால் கொடுத்து வளர்ப்பது, மற்றது பெற்றதும் குட்டிகளை அலையாத்தி வேர்களிடையே விட்டுவிட்டுப் போய்விடுவது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் ஒரு பண்பு உண்டு. இரண்டுமே மெல்லப் பெருகுபவை. பெண் ஆவுளியா முதல் கன்றை ஈனுவதற்கு ஆறிலிருந்து பதினேழு ஆண்டுகள் வரை ஆகலாம். சூல் தாங்குவது ஓராண்டுக்கு மேல். ஈனுவது ஒரே ஒரு கன்று. அடுத்த கன்றுக்குள் இரண்டரை ஆண்டு முதல் ஏழாண்டு வரை கடந்துவிடும். உணவுக்குக் குறைவில்லாமல், யாரும் கொல்லாமல் இருந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் பெருகாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வளர்ந்த பெண்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு கூடுதலாகச் செத்தாலே கூட்டம் தேயத் தொடங்கும். வேளா ஒரே ஈற்றில் பல குட்டிகள் ஈனும் என்பது உண்மை. பெரும்பல் வேளா சராசரியாக ஏழு குட்டி போடும். ஆனால் பருவமடையப் பல ஆண்டுகள் தேவைப்படுவதாலும், கொம்போடு பிறந்த ஒவ்வொரு குட்டியும் முதல் நாளிலிருந்தே வலைக்கு ஆளாவதாலும் அந்தப் பெருக்கம் அதற்குப் பெரிதாக உதவுவதில்லை. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் சாளையையும் சூடையையும் கணக்கிடும் அதே மீன்வளக் கணக்கில் வேளாவையும் சேர்ப்பதுதான் நாம் செய்த முதல் பிழை. பெருக்கத்தில் வேளா சாளையின் பக்கம் நிற்பதன்று. ஆவுளியாவின் பக்கம் நிற்பது.

இனி வலைக்கு வருகிறேன். தமிழில் திருக்கை வலை என்றே ஒரு வலை உண்டு. கண்ணி பெரிதாக, கடலடியோடு ஒட்டி, பல மணி நேரம் ஆள் பார்வையில்லாமல் நிற்கும்படி இடப்படும் வலை. திருக்கைக்கென்று விரித்த அந்த வலையில் ஆவுளியாவும் சிக்கி இறந்திருக்கிறது. ஒரு வலையின் பெயர்கூட இந்த இரண்டு உயிர்களையும் சேர்த்தே பேசும்போது, உங்கள் கோப்புகள் பிரிந்து கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த வலையில் இரண்டும் சாகும் விதம் வேறுவேறு. திட்டம் தீட்டுவோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. ஆவுளியா சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூக்குத் துளைகளை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி மூச்செடுத்துக்கொண்டு இறங்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் அதனால் அடியில் தாங்க முடியாது. அடிவலையில் சிக்கினால், வலைக்காரர் அடுத்த முறை வந்து பார்ப்பதற்குள் கதை முடிந்திருக்கும். விடுவிக்கும் பயிற்சி, கத்தரிக்கும் கருவி எதுவும் அங்கே பயன்படாது. அந்த இடத்தில், அந்தப் பருவத்தில் அந்த வலை இல்லாமல் இருப்பதும், இருந்தால் ஆள் கூடவே நிற்பதும் மட்டுமே ஆவுளியாவைக் காக்கும். வேளா அப்படியன்று. கொம்பு சிக்கியபின் அது இரண்டு பக்கமும் உதறி உதறி மேலும் மேலும் சுற்றிக்கொள்ளும். ஆனால் செவுள் வேலை செய்யும்வரை மூச்சு இருக்கும். வலையை இழுக்கும்போது பெரும்பாலும் உயிரோடு வந்து சேர்கிற மீன் அது. அதன் விதி கடலடியில் தீர்மானமாவதில்லை; படகின் விளிம்பில், அதைப் பார்க்கும் மனிதர் கையில் என்ன வைத்திருக்கிறார், என்ன கற்றிருக்கிறார் என்பதில் தீர்மானமாகிறது.

கூரிய வாள் போல வீசும் ஒன்றரை மீட்டர்க் கொம்புக்கு முன்னால், ஆடும் படகில் நிற்பவரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கொம்பை வெட்டிவிட்டு மீனைக் கடலில் விடுவதைப் பலர் இரக்கம் என்றே நினைத்துச் செய்திருக்கிறார்கள். கொம்பில்லாத வேளா கண்ணும் கையும் இழந்த விலங்கு. மீனை நீரிலிருந்து தூக்காமல், படகுக்குப் பக்கத்தில் வைத்து, கொம்போடு ஒட்டிய வலையை நீளவாக்கில் அறுத்துவிடுவதும், தூண்டிலில் சிக்கியதென்றால் முள்ளுக்கு மிக அருகில் நரம்பை வெட்டுவதும், கொம்பைப் பிடித்து இழுக்காதிருப்பதும் கற்றுக்கொள்ளக்கூடியவை. அறுபட்ட வலை மீனவரின் முதல். அதற்கு ஈடு கொடுக்காமல் அவரிடம் தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆவுளியாவை உயிரோடு விடுவித்த மீனவருக்குப் பரிசும் பாராட்டும் அளிக்கும் வழக்கம் சில கரைகளில் வந்திருப்பது நல்ல தொடக்கம். வேளாவை விடுவிப்பவருக்கு அதில் எள்ளளவும் குறையாமல் கிடைக்க வேண்டும். அவர் தன் கையையும் காலையும் பணயம் வைத்து அதைச் செய்கிறார்.

எண்ணிக்கை பற்றிய செய்தி இதைவிட வேதனையானது. ஆவுளியாவை விமானத்திலிருந்து எண்ணலாம். மேற்கு ஆசுத்திரேலியாவின் சார்க் விரிகுடாவில் ஏறத்தாழ 10,000 ஆவுளியாக்கள் மேய்வதும், பாரசீக வளைகுடாவில் சில ஆயிரம் இருப்பதும் அப்படித்தான் தெரியவந்தன. கலங்கிய கழிமுகத்தின் அடித்தரையில் படுத்துக்கிடக்கும் வேளாவை எந்த விமானமும் காணாது. நீரில் உதிர்ந்து மிதக்கும் அதன் மரபணுத் துணுக்கைச் சலித்தெடுத்தோ, மூத்த மீனவர்களிடம் கேட்டோ, வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய கொம்புகளை அளந்தோதான் அது இருந்ததையும் இருப்பதையும் அறிய வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நீண்ட காலக் கணக்கு வேண்டுமென்று தேடினால் நம் கையில் அகப்படுவது, அவற்றைக் கொன்ற வலைகளின் பதிவேடுதான். குளிப்போரைச் சுறாவிடமிருந்து காக்கக் கடற்கரைகளில் கட்டப்பட்ட வலைகளின் பதிவுகளை வைத்துத்தான், ஆசுத்திரேலியாவின் குயின்சுலாந்தில் நகரங்களை ஒட்டிய கரையில் 1962இல் சிக்கிய ஆவுளியாக்களின் வீதம் 1999இல் சுமார் 3 விழுக்காடாகச் சரிந்துவிட்டதைக் கணக்கிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கரையின் அதே வகை வலைகளில் 1999இல் ஒரு வேளா சிக்கியது. அதுவே அங்கே கடைசி. பாதுகாப்பு ஏற்பாட்டின் பேரால் கட்டிய வலைகள் இரண்டு கண்டங்களில் இரண்டு உயிர்களின் வீழ்ச்சியையும் எழுதிவைத்திருக்கின்றன. அந்த ஏடுகளை இரண்டு குழுக்களும் ஒன்றாக உட்கார்ந்து படித்தால் எவ்வளவோ கற்கலாம்.

நிலைமையின் அளவையும் சேர்த்தே சொல்கிறேன். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஆவுளியா உலக அளவில் 'அழிவாய்ப்பு' நிலையில் இருக்கிறது. பெரும்பல் வேளா, சிறுபல் வேளா, பச்சை வேளா ஆகியவை அதைவிட இரண்டு படி மோசமான 'மிக அருகிய' நிலையில் இருக்கின்றன. ஒரு காலத்தில் 90 நாடுகளின் கரையோரங்களில் இருந்த வேளாக்கள் அவற்றுள் 55 நாடுகளில் முற்றிலும் மறைந்துபோயிருக்கலாம் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. உலக அளவிலான ஒரே சொல் ஆவுளியாவுக்கும் போதாது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வளர்ந்த ஆவுளியாக்கள் 250க்கும் குறைவு என்ற மதிப்பீட்டோடு 2022இல் அங்கே அது 'மிக அருகிய' நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. சீனாவில் 1988 முதலே மிக உயர்ந்த சட்டப் பாதுகாப்பு பெற்றிருந்தும், நான்கு மாகாணங்களில் 788 மீனவர்களை நேரில் கேட்டபோது அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஆவுளியாவைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். அங்கே அந்த இனம் செயலளவில் அற்றுவிட்டது என்று 2022இல் அறிவித்தார்கள். காகிதத்தில் பாதுகாப்பு இருந்தால் போதும் என்று நம்புவோருக்காக இதைச் சொல்கிறேன். வேளாவுக்கும் காகிதப் பாதுகாப்பில் குறைவில்லை. உங்கள் உடன்படிக்கையின், கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் பின்னிணைப்பிலும் இரண்டாம் பின்னிணைப்பிலும் 2014இல் அது சேர்ந்தது; ஆவுளியா இருப்பது இரண்டாவதில். அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கை 2007இல் ஓர் இனம் நீங்கலாக மற்ற வேளாக்களின் வணிகத்தைத் தடுத்தது. காட்சித் தொட்டிகளுக்கென்று விட்டுவைத்த அந்த ஓர் இனத்தையும் 2013இல் முதல் பின்னிணைப்பில் சேர்த்தது. அதாவது உங்கள் உடன்படிக்கையின் தாளில் வேளாவின் இடம் ஆவுளியாவின் இடத்தைவிட உயர்ந்தது. கரையில் அது 'பெரிய மீன்' என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துவிடுகிறது.

ஏன் இப்படி என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆவுளியா கன்றுக்குப் பால் கொடுக்கிறது. கன்று தாயின் முதுகோடு ஒட்டி நீந்துகிறது. மூச்சுக்காக மேலே வருகிறது. நம்மைப் போன்ற ஒன்றின் சாவு நமக்குப் புரிகிறது. வேளாவின் முகத்தில் நமக்குப் பழக்கமான எதுவும் இல்லை. ஆவுளியா இறந்து கரையொதுங்கினால் உடற்கூறாய்வு நடக்கும், செய்தி வரும். வேளா இறந்தால் எடைபோடுவார்கள். ஆவுளியாவுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு துளியையும் குறைக்கச் சொல்ல நான் வரவில்லை. அந்தக் கவனமே அதற்குப் போதவில்லை. அந்தக் கவனம் எழுப்பும் வேலியின் எல்லையைச் சற்று நீட்டினால் இன்னோர் உயிரும் உள்ளே வந்துவிடும் என்பதுதான் என் வாதம்.

எல்லை என்று நான் சொல்வது உருவகமன்று. வரைபடத்தில் போடும் கோட்டையே சொல்கிறேன். ஆவுளியாவுக்கென்று ஒதுக்கும் பகுதி கடற்புல் படுகையைச் சுற்றி வரையப்படுகிறது. குயின்சுலாந்தில் 1990களின் இறுதியில் வலைகளைக் கட்டுப்படுத்தி உருவான ஆவுளியாப் பாதுகாப்புப் பகுதிகளும், பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்ட காப்பகமும் கடற்புல்லைக் கருத்தில் வைத்தே அமைந்தன, அது சரியானதே. வேளாவின் பிள்ளைப் பருவம் அங்கே கழிவதில்லை. அது அலையாத்தி வேர்களுக்கிடையில், கழிமுகச் சேற்றில், சில இனங்களில் ஆற்றுக்குள் வெகுதூரம் தள்ளிக் கழிகிறது. மேற்கு ஆசுத்திரேலியாவின் ஃபிட்சுராய் ஆற்றில் பெரும்பல் வேளாக் குட்டிகள் நான்கைந்து ஆண்டுகள் நன்னீரிலேயே வளர்கின்றன. மழைக்காலத்தில் பெருவெள்ளம் வந்த ஆண்டுகளில்தான் அங்கே குட்டிகள் நிறையச் சேர்கின்றன. கோடையில் ஆறு வற்றி மடுக்களாகத் துண்டுபடும்போது அந்த மடுக்களின் ஆழமே அவற்றின் உயிர். ஆற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு எழுந்தாலும், மேலே நீரை அளவுக்கு மீறி எடுத்தாலும், கடலில் எவ்வளவு கச்சிதமாக வலையைத் தடுத்தாலும் பயனில்லை. ஆகவே கடற்புல்லைச் சுற்றிப் போட்ட கோடு அருகிலிருக்கும் கழிமுகத்தையும் அலையாத்தியையும் ஆற்றின் கீழ்ப்பகுதியையும் தொட்டுச் செல்ல வேண்டும். இது ஆவுளியாவுக்கும் நன்மையே. 1992இல் குயின்சுலாந்தின் எர்வி விரிகுடாவில், வெள்ளமும் புயலும் கொண்டுவந்த சேறு வெளிச்சத்தை மறைத்து ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் கடற்புல் அழிந்து, ஆவுளியாக்கள் பட்டினியால் செத்து ஒதுங்கின. அந்தச் சேறும் ஆற்று வழியாகத்தான் வந்தது. ஆறு நலமாயிருந்தால் புல்லும் நலமாயிருக்கும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவைப் பாருங்கள். அங்கே ஆவுளியாவின் இடத்தில் மனாட்டி என்னும் கடற்பசு இருக்கிறது. வேளாவின் சிறுபல் இனமும் இருக்கிறது. 1995இல் கரையோர நீரில் செவுள்வலைகள் தடைசெய்யப்பட்டன. 2003இல் சிறுபல் வேளா அந்நாட்டுச் சட்டத்தின்கீழ் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2009இல் அலையாத்தி சூழ்ந்த இரண்டு கரையோரப் பகுதிகள் அதன் குட்டிகளுக்கான முக்கிய வாழிடமாக வரையறுக்கப்பட்டன. உலகில் வேளா மெல்லத் தலைநிமிரத் தொடங்கிய மிகச் சில இடங்களுள் ஒன்று அது. அவ்வளவு குறைந்துபோயிருந்த அந்தக் கூட்டத்தில், ஆண் துணையின்றியே பிறந்து இயல்பாக வளர்ந்துவந்த ஏழு வேளாக்களை மரபணு ஆய்வில் 2015இல் கண்டறிந்தார்கள். இணை கிடைக்காத அளவுக்கு ஓர் இனம் அருகினால் உடல் எந்த எல்லைவரை போகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ தெரியவில்லை. ஆனால் வலையை நிறுத்தியது மட்டும் போதவில்லை. 2021இல் ஒரே ஆண்டில் 1,100க்கும் மேற்பட்ட மனாட்டிகள் இறந்தன. கழிவுச் சத்து கலந்த நீரில் பாசி பெருகிக் கடற்புல் அழிந்ததால் வந்த பட்டினி அதற்குப் பெருங்காரணம். 2024இல் ஃபுளோரிடாவின் தென்முனைத் தீவுகளில் மீன்கள் நிலைதடுமாறிச் சுற்றிச் சுற்றி வந்தன. 50க்கும் மேற்பட்ட வேளாக்கள் இறந்தன. அடித்தரையில் வளரும் நுண்பாசிகளின் நஞ்சே காரணமென்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூன்றாண்டு இடைவெளியில் ஒரே மாநிலத்தின் நீரில் ஒன்று பசியாலும் மற்றொன்று நஞ்சாலும் செத்தன. வலைக்கு அடுத்தபடியாக நீரின் தரத்தையும் இரண்டுக்கும் பொதுவான பொறுப்பாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்த இரண்டு சாவுகளும் சொல்கின்றன.

பேராளர்களே, நான் கேட்பவை புதிய ஒப்பந்தம் எதையும் வேண்டுபவை அல்ல. இரண்டு ஒப்பந்தங்களின் வல்லுநர் குழுக்களும் இரண்டு விலங்குகளின் வாழிட வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கட்டும். வட ஆசுத்திரேலியா, மொசாம்பிக்கு, தான்சானியா, மடகாசுகர், இலங்கை, பாரசீக வளைகுடா போன்ற கரைகளில் அவை எங்கெங்கே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ, அங்கே முதலில் தொடங்கலாம். இவற்றுள் தான்சானியா, மடகாசுகர், இலங்கை மூன்றும், வேளாவை மீட்க உடனடியாகச் செயல்பட வேண்டிய எட்டு நாடுகளுள் இருப்பதாக நான் மேலே சொன்ன 2021 ஆய்வே குறிப்பிடுகிறது. அந்தக் கரைகளில் ஆள் பார்வையில்லாத பெருங்கண்ணி அடிவலைகளைக் கட்டம் கட்டமாக விலக்குவதற்கான கால அட்டவணையை, அவ்வலைகளை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மாற்று வலையும் மாற்று வருமானமும் கிடைத்தபின் நடைமுறைப்படுத்தும் வகையில், மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து வகுக்க வேண்டுகிறேன். குயின்சுலாந்தை ஒட்டிய பெருந்தடைப் பவளத்திட்டின் கடற்பகுதியில் வணிகச் செவுள்வலைகளை 2027க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக ஆசுத்திரேலியா 2023இல் அறிவித்தது. அந்த மாற்றத்தின்போது ஆவுளியாவுக்கும் வேளாவுக்கும் என்ன நேர்கிறது என்பதைச் சேர்த்தே அளந்து மற்ற நாடுகளுக்குச் சொல்லும்படி அந்நாட்டின் பேராளர்களைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு சிறு காரியம். உங்கள் அரசுகள் அனுப்பும் அறிக்கைகளில் ஆவுளியாக்களின் இறப்பு தலைக்கணக்கில் வருகிறது. வேளா மீன்பிடிக் கணக்கில் வந்தாலும், பிற திருக்கைகளோடு சேர்ந்து எடைக்கணக்கில் மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு வேளாவும் தனித்தனியே எண்ணப்பட வேண்டும்: எந்த இனம், எவ்வளவு நீளம், கொம்பின் இரு ஓரத்திலும் எத்தனை முள், எந்த வலை, உயிரோடு விடப்பட்டதா, விடும்போது கொம்பு முழுதாக இருந்ததா. ஆவுளியாவுக்கு ஏற்கெனவே நிரப்பும் தாளிலேயே, அதே கரை, அதே வலை, அதே நாள் என்ற தலைப்புகளின்கீழ் வேளாவுக்கும் இந்தக் கேள்விகளைச் சேர்த்து, அடுத்த அறிக்கைச் சுற்றிலேயே இரண்டு ஒப்பந்தங்களின் செயலகங்களுக்கும் ஒரே படியை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்புடன்,
கடலுயிர்களைப் பற்றித் தமிழில் எழுதிவரும் ஒருவர்